பள்ளிக்கூடத்தில் போடும் தடுப்பூசி: பெற்றோர் அறிய வேண்டியவை

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஊசி போட வர்றாங்களாம், பிள்ளையை அனுப்பவா, வேண்டாமா?" அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல வீடுகளில் அன்று ஒருநாள் லீவு போட வைத்துவிடுகிறார்கள். என்ன ஊசி, எதற்காக என்று யாரும் விசாரிப்பதில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகப் பள்ளிகளில் நடந்தபோது இதைத்தான் பார்த்தோம். 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதாக அறிவிப்பு வந்தது. அதற்குள் வாட்ஸ்அப்பில் பெயர் தெரியாத ஆடியோக்கள் பரவின. நம் சமுதாயத்தில் மட்டுமல்ல, எல்லாத் தரப்பிலும் பெற்றோர் பின்வாங்கினார்கள். கடைசியில் முகாமை மார்ச் மாதம் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இப்போது வழக்கமாகப் பள்ளிக்கூடத்தில் போடப்படுவது 'டி.டி.' எனப்படும் ஊசி. 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. ரண ஜன்னிக்கு மட்டும் போடப்பட்டுவந்த பழைய ஊசிக்குப் பதிலாக, தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி இது. சிறுவயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வரும். அதைப் புதுப்பிக்கத்தான் இது.

தொண்டை அடைப்பான் ஒழிந்துபோன நோய் என்று நினைக்க வேண்டாம். 2016இல் பக்கத்து மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இந்நோய் பரவி, பதின்வயதுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அங்கு பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். தடுப்பூசி போடாத பிள்ளைகள் அதிகம் இருந்ததே பரவலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமியின் நஞ்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு ஓடினாலும் காப்பாற்றுவது கடினம்.

பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது என்ற வதந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. உண்மை இதற்கு நேர்மாறானது. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால், வயிற்றிலிருக்கும் குழந்தை காது கேளாமலோ, கண்புரையோடோ, இதயக் கோளாறோடோ பிறக்கலாம். ரூபெல்லா ஊசி அதைத்தான் தடுக்கிறது.

ஹலால் ஹராம் கேள்வியையும் தவிர்க்க வேண்டியதில்லை. டி.டி. ஊசியில் ஜெலட்டின் கிடையாது. தட்டம்மை, ரூபெல்லா ஊசி மருந்தில் அது கெடாமல் இருக்க ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. இந்தியாவில் தயாரான அந்த மருந்தைப் பற்றி 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை ஒரு ஃபத்வா வெளியிட்டது. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று வெளிப்படையாகச் சொன்ன அந்தச் சபையே, ஹலாலான மாற்று கிடைக்காத நிலையில், நோயின் ஆபத்தைக் கருதி, நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அதைப் பயன்படுத்த அனுமதியும் கொடுத்தது. அதற்கு முன்பே 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும், ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில் ஜெலட்டினை அனுமதித்திருந்தார்கள். இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் ஊர் ஆலிமிடமும் ஒரு மருத்துவரிடமும் கேளுங்கள். முகம் தெரியாத ஆடியோவிடம் கேட்காதீர்கள்.

ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பசியாற வைத்து அனுப்புங்கள். வெறும் வயிற்றோடும் பயத்தோடும் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. அதைப் பார்த்து வகுப்பே அலறும். மாலைக்குள் அது ஊர்ச் செய்தியாகிவிடும். ரமலானில் தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. ஆனாலும் நோன்பு வைத்திருக்கும் பிள்ளைக்கு அதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கக் கேட்பதில் தவறில்லை.

கடுமையான காய்ச்சல் இருந்தாலோ, முன்பு ஏதேனும் ஊசிக்கு உடம்பு முழுக்கத் தடித்து மூச்சுத் திணறியிருந்தாலோ, வலிப்பு போன்ற நோய்க்கு மருந்து எடுத்தாலோ ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தங்கி ஓதும் ஹிஃப்ள் மதரஸா பிள்ளைகளும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் பள்ளிக்கூட முகாமில் விடுபட்டுப் போகிறார்கள். இவர்களுக்கும் அதே ஊசி ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. மதரஸா நிர்வாகிகள் பிள்ளைகளின் வயதுப் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து, மதரஸாவிலேயே ஒருநாள் முகாம் நடத்தித் தருமாறு கேட்கலாம்.