பீங்கான் பாவையும் பந்துக்கிண்ண மூட்டும்

மனித உடலின் தோளிலும் இடுப்பிலும் அமைந்துள்ள பந்துக்கிண்ண மூட்டினை உயிரியல் பயின்றோர் யாவரும் அறிவர். ஓர் என்பின் உருண்ட தலை மற்றோர் என்பின் குழிக்குள் அமர்ந்து பல திசைகளிலும் அசைய இடமளிக்கும் அமைப்பு அது. அவ்வமைப்பைப் பின்பற்றி, கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களிலெல்லாம் உருண்டையும் குழியும் வைத்து, உள்ளே வெறுமையான உடலினூடே இறப்பர் நாணை இழுத்துக் கட்டி, இருக்கவும் நிற்கவும் கை உயர்த்தவும் வல்லனவாகச் செய்யப்படும் பாவைகள் உண்டு. மரத்திலும் காகிதக் கூழிலும் செயற்கைப் பிசினிலும் இவற்றைச் செய்தோர் பலர். மூட்டுக்கள் உட்பட முழு உடலையும் பீங்கானிலே கையால் செய்வோர் மிகச் சிலரே. பீங்கான் அழகிற் குறைந்த பொருளன்று. தோலின் மென்மையை அதனிலும் நன்கு காட்டவல்ல பொருள் அரிது. அவ்வாறாயின் அதனைப் பலரும் விலக்கியது ஏன்? சிலர் விடாது பற்றியது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிற்சாலைகள் விலக்கிய வழி

சீனர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த வன்பீங்கானின் இரகசியம் 1708 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெட்கர் என்பாரின் முயற்சியால் ஐரோப்பாவிற் கண்டறியப்பட்டது. 1710 இல் மைசனில் முதலாவது பீங்கான் ஆலை நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழில் பொம்மை உலகிற் பெருக நுழைந்தது. பிரான்சில் யுமோ, புரூ முதலிய நிறுவனங்களும், ஜேர்மனியின் தூரிங்கியா மாநிலத்தில் சிமோன் ஹால்பிக், கெம்மர் ரைன்ஹார்ட் முதலிய நிறுவனங்களும் பளபளப்புப் பூசாத பீங்கானால் பொம்மைத் தலைகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின.

ஈண்டு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பொம்மைகளிற் பெரும்பாலானவற்றின் தலை மட்டுமே பீங்கான். உருண்டை மூட்டுடைய உடலோ காகிதக் கூழ், மரத்தூள், பசை ஆகியவற்றின் கலவையாலும் மரத்தாலும் ஆயது. முழுவதும் பீங்கானாலான சிறு பொம்மைகளும் செய்யப்பட்டன. ஆனால் அவை பெரும்பாலும் தோளிலும் தொடையிலும் மட்டும் அசைவன. முழங்கையும் முழங்காலும் மடங்கும் உடலைப் பீங்கானிற் செய்ய ஆலைகள் பொதுவாக முற்படவில்லை. பாரமும் எளிதில் உடையும் தன்மையும் அதற்குரிய காரணங்களுட் சில. அவற்றிலும் ஆழமான காரணம் ஒன்று களியின் இயல்பிலேயே உள்ளது.

களியின் இயல்பு

வன்பீங்கானின் மூலப்பொருள்கள் மூன்று. கெயோலின் எனப்படும் வெண்களி ஏறத்தாழ அரைப்பங்கும், பெல்சுபார், குவாட்சு என்பன எஞ்சிய அரைப்பங்கும் சேர்வது பொதுவான அளவு. கெயோலின் என்னும் பெயர் சீனத்தின் ஜிங்தேஜென் நகருக்கு அண்மையிலுள்ள காவோலிங் என்னும் குன்றின் பெயரிலிருந்து பிறந்தது. நம் நாட்டிற் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் அகழப்படும் வெண்களியும் இவ்வினத்ததே. களி உருவந் தாங்க உதவுகின்றது. குவாட்சு உடலுக்கு உறுதி தருகின்றது. பெல்சுபாரோ பெருவெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோலாகி ஏனைய இரண்டையும் பிணைக்கின்றது.

அவ்வாறு பிணைக்கப்படும்போது துணிக்கைகளுக்கிடையே இருந்த வெளிகள் மறைகின்றன. ஆதலால் பொருள் சுருங்குகின்றது. கலவைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப நீளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை சுருக்கம் நிகழலாம். சுருக்கம் நூற்றுக்கு 15 எனக் கொள்வோம். 40 சென்ரிமீற்றர் உயரமுள்ள பாவை வேண்டுவோர் முதலுருவை 47 சென்ரிமீற்றர் அளவிற் செய்தல் வேண்டும். நாற்பதோடு அதன் நூற்றுக்குப் பதினைந்தைக் கூட்டி 46 எனக் கணக்கிடுவது தொடக்கநிலையாளர் பலர் செய்யும் பிழை; சுருக்கம் முதலுருவின் அளவிற் கணிக்கப்படுவதேயன்றி முடிவுருவின் அளவிலன்று. கனவளவை நோக்கின் இழப்பு இன்னும் பெரிது: நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்கு மறைந்துவிடும்.

எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்திற் சுருங்குமாயின் இடரில்லை. ஆனால் சுவரின் தடிப்பு, குழம்பின் நீரளவு, சூளையினுள் வைத்த இடம் ஆகியவற்றால் சிறு சிறு வேறுபாடுகள் தோன்றுகின்றன. அன்றியும் உச்ச வெப்பத்திற் பீங்கான் சற்று இளகித் தன் பாரத்தாலேயே தளர்கின்றது. 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை கால் மில்லிமீற்றர் நீள்வட்டமானாலும் அது குழிக்குள் ஒரு திசையில் இறுகி மற்றொரு திசையில் ஆடும். மரத்தையும் கூழையும் அரத்தால் எளிதிற் திருத்தலாம். சுட்ட பீங்கானை அவ்வாறு திருத்தவியலாது. ஓர் அச்சில் வார்த்த உருண்டை மற்றோர் அச்சில் வார்த்த எந்தக் குழியிலும் பொருந்த வேண்டும் என்பதே ஆலை உற்பத்தியின் அடிப்படை. பீங்கான் அதற்கு இணங்குவதில்லை. பீங்கான் மூட்டில் ஒவ்வோர் உருண்டையும் தன் குழி ஒன்றுக்கே உரியதாகத் தேய்த்தெடுக்கப்படல் வேண்டும். இதுவே இப்பாவை ஆலைக்குப் புறம்பாகிக் கைவினைஞருக்கு உரியதானமைக்குத் தலையாய காரணமாகும்.

உருவமும் அச்சும்

வேலை வரைபடத்தில் தொடங்குகின்றது. முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் சுருக்கக் கணக்கைச் சேர்த்துப் பெருப்பித்த அளவில் வரையப்படுகின்றன. அவ்வரைபடத்தின்மேல் ஒவ்வோர் உறுப்பும் உருவக்களியாற் பிடிக்கப்படுகின்றது. மூட்டுக்குரிய உருண்டைகள் தனியே செய்யப்பட்டு உறுப்புக்களிற் பதிக்கப்படுகின்றன. குழி உருண்டையின் பாதிக்கு மேல் கவ்வலாகாது. கவ்வின் உள்ளே செலுத்தவும் முடியாது, அசைவும் குன்றும். பாதிக்குக் குறைவாகவே தாங்கிப் பிடித்து, எஞ்சிய பொறுப்பை நாணின் இழுவிசையிடம் விட்டுவிடுதல் வேண்டும். மடங்கும் திசையில் நாண் தடையின்றி நகர்வதற்காக உருண்டையில் நீண்ட பிளவு ஒன்றும் வெட்டப்படுகின்றது.

பின்னர் ஒவ்வோர் உறுப்பும் பாரிசுச் சாந்தில் அச்செடுக்கப்படுகின்றது. அச்சைத் திறக்கும்போது எவ்விடத்திலும் உறுப்புக் கொளுவி நில்லாதவாறு பிரிகோட்டைத் தெரிந்தெடுத்தல் இவ்விடத்து முதன்மையான திறன். கை, கால்களுக்கு இரு துண்டு அச்சுப் போதும். செவியும் தாடையும் உள்ள தலைக்குக் கூடுதலான துண்டுகள் வேண்டப்படலாம். சாந்து இறுகியபின் அதனுட் தோன்றும் எண்ணற்ற நுண்துளைகளே அடுத்த படிக்கு அடிப்படையாகின்றன.

வார்ப்பும் சூளையும்

பீங்கான் களியை நீருடன் கலந்து, சிறிதளவு சோடியஞ் சிலிக்கேற்றுச் சேர்த்தால், குறைந்த நீரிலேயே அது பாலாடைபோல ஓடும் குழம்பாகும். இதனை அச்சில் நிறைய ஊற்றினால் சாந்தின் துளைகள் நீரை உறிஞ்ச, அச்சின் சுவரோடு களிப்படலம் ஒன்று படிகின்றது. சில நிமிடங்களில் மூன்று மில்லிமீற்றர் அளவு தடித்தவுடன் எஞ்சிய குழம்பை வெளியே ஊற்றிவிடுவர். உள்ளே வெறுமையான உறுப்பு எஞ்சும். சற்று உலர்ந்தபின் அதனை வெளியே எடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை. கை வளைந்துவிட்டது என்று அதை நிமிர்த்திவிட்டால் அப்போது நேராகத் தோன்றினாலும், சூளையில் அது மீண்டும் பழைய வளைவுக்கே திரும்பும். களிக்கு நினைவாற்றல் உண்டு என்று வினைஞர் கூறுவது இதனையே.

நன்கு உலர்ந்த உறுப்புக்கள் முதலில் 700 அல்லது 800 பாகை செல்சியசில் மென்சூட்டிற்கு உட்படுகின்றன. இந்நிலையிற் சுருக்கம் மிகச் சிறிதே. பொருளும் சுண்ணக்கட்டிபோல் தேய்க்க இலகுவானது. பொருத்துக் கோடுகளை அகற்றுவதும், உருண்டையையும் அதற்குரிய குழியையும் ஒன்றுக்கொன்று இசையத் தேய்ப்பதும் இப்போதே. இவ்வேலையை நீரில் நனைத்தே செய்தல் வேண்டும். உலரத் தேய்த்தால் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலை மீளாத நோய்க்கு உள்ளாக்கும்.

அடுத்து 1200 பாகைக்கு மேற்பட்ட வன்சூடு. உறுப்புக்கள் தளராதிருக்க அலுமினாத் தூளிற் படுக்கவைக்கப்படுகின்றன. பல கிழமைகளின் உழைப்பு ஓர் இரவு முழுதும் மூடிய சூளைக்குள் கண்ணுக்கு மறைந்து கிடக்கின்றது. காலையில் ஒரு தொடை வெடித்திருந்தால் அவ்வுறுப்பை மட்டும் மீள வார்த்தால் முடிந்துவிடும் என்று எண்ணலாகாது. புதிய தொடை பழைய இடுப்புக் குழிக்கு இசையுமா என்னும் வினா மீண்டும் எழும். இசையாவிடின் வைரத்துகள் பதித்த தாளைக்கொண்டு, நீரூற்றி, மணிக்கணக்காகத் தேய்ப்பதன்றி வேறு வழியில்லை.

நிறமும் நாணும்

முகத்தின் நிறம் வெறும் பூச்சன்று. உலோக ஒட்சைட்டுக்களை உருகுபொருளோடும் எண்ணெயோடும் குழைத்துத் தீட்டி, மறுபடியும் 700 முதல் 800 பாகை வரை சுட்டு, பீங்கானின் மேற்பரப்போடு பிணைக்கின்றனர். கன்னத்தின் செம்மை பெரும்பாலும் இரும்பொட்சைட்டுத் தருவது. ஒரே தடவையிற் தடிப்பாகத் தீட்டாது, மெல்லிய படலங்களாக ஐந்தாறு முறை தீட்டிச் சுடுவதாலேயே தோலுக்கடியில் குருதி ஓடுவது போன்ற தோற்றம் கைகூடுகின்றது. சுட்ட நிறத்தை எளிதில் அழிக்கவியலாது. ஒரு புருவக்கோடு பிழைத்தால் முழு முகமும் வீணாகலாம்.

இறுதியாக மூட்டு. பீங்கானும் பீங்கானும் நேரே உராய்ந்தால் வழுக்கும், கிறீச்சிடும், விளிம்பும் சிதறும். ஆகவே குழியினுள் மெல்லிய மென்தோல் ஒட்டப்படுகின்றது. உயர்த்திய கை உயர்த்தியபடியே நிற்பதற்குக் கையின் பாரத்தால் உண்டாகும் திருப்பத்தை மூட்டின் உராய்வு வெல்லுதல் வேண்டும். அவ்வுராய்வோ நாணின் இழுவிசையையும், தோலின் உராய்வுக் குணகத்தையும், உருண்டையின் ஆரையையும் பொறுத்தது. பீங்கான் செயற்கைப் பிசினிலும் ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தியானதாகையால் உருண்டையை மிகச் சிறிதாக்க முடியாது. அழகும் விசையியலும் இங்கே ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன. நாணின் இழுவிசைக்கோடு உருண்டையின் மையத்தினூடே செல்லுமாயின் உறுப்பு வைத்த நிலையில் நிற்கும். விலகிச் செல்லுமாயின் விட்டவுடன் துள்ளித் திரும்பும்.

பெயரற்ற கைகளும் பெயர் பெற்ற கைகளும்

தூரிங்கியாவின் சொன்னபேர்க் நகரும் சுற்றுக் கிராமங்களும் பொம்மைத் தொழிலாற் புகழ்பெற்றவை. அங்கே வேலையின் பெரும்பகுதி வீடுகளிலேயே நடைபெற்றது. துண்டுக் கூலிக்குத் தாய்மார் தைத்தனர்; பிள்ளைகள் ஒட்டினர், நிரப்பினர். 1903 ஆம் ஆண்டின் ஜேர்மன் சிறுவர் தொழிற் சட்டம் வீட்டுத் தொழிலையும் உள்ளடக்கியதாயினும், சொந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதன் விதிகள் தளர்வானவை. செல்வர் வீட்டுக் குழந்தை விளையாடிய பொம்மையை வறியவர் வீட்டுக் குழந்தை செய்தது. பீங்கான் தலையின் பின்புறத்தில் நிறுவனத்தின் குறியும் அச்சின் இலக்கமும் பொறிக்கப்பட்டன. புருவம் தீட்டிய பெண்ணின் பெயருக்கு அங்கு இடமிருக்கவில்லை.

உருண்டை மூட்டுப் பாவை தனியொரு கலைஞரின் படைப்பாக மாறியமைக்கு வேறொரு வரலாறு உண்டு. பேர்லினில் வாழ்ந்த ஹான்ஸ் பெல்மர், நாசி அரசுக்குப் பயன்படக்கூடிய தொழில் எதனையும் செய்வதில்லை என முடிவு செய்து, 1933 இல் பாவை செய்யத் தொடங்கினார். அந்நகர அரும்பொருளகத்திலிருந்த பதினாறாம் நூற்றாண்டு மரப்பாவைகளின் உருண்டை மூட்டு அவர் 1935 இற் செய்த இரண்டாவது பாவைக்கு வழிகாட்டியது. 1965 இல் ஷிபுசவா தத்சுஹிக்கோ எழுதிய கட்டுரை வாயிலாக அப்பாவையைக் கண்ட யப்பானிய இளைஞர் சிமோன் யொத்சுயா, தம் முந்திய முறையைக் கைவிட்டு மூட்டுப்பாவைக்குத் திரும்பினார். அங்கிருந்து இக்கலை பரவியது. 1999 இல் யப்பானிய நிறுவனமொன்று பிசினாலான மூட்டுப்பாவைகளைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் அது உலகறிந்ததாயிற்று. பிசின் பீங்கானைப் போலச் சூளையிற் சுருங்கி உருத்திரிவதில்லை. ஆதலின் ஓர் உறுப்பு உடைந்தால் மற்றொன்றை வாங்கிப் பொருத்தலாம்.

இவ்வசதி இருந்தும், கனடாவின் வன்கூவர் நகரிற் பணியாற்றும் மரீனா பிச்கோவா போன்ற சிலர் பீங்கானிலேயே மூட்டுப்பாவை செய்கின்றனர். இதனைப் பழமைப் பற்று என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மாற்று உறுப்பு இல்லாத பாவை அது. ஒவ்வொரு மூட்டிலும் ஒருவர் செலவிட்ட மணிக்கணக்கான தேய்ப்பு உண்டு. முன்னர் அவ்வுழைப்பு ஓர் இலக்கத்துக்குப் பின்னே மறைந்திருந்தது. இன்று செய்தவரின் பெயரோடு நிற்கின்றது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் பழைய பீங்கான் முகமொன்றைக் காண நேரும்போது, அதன் பிடரியிலுள்ள இலக்கத்தையும் சற்று நோக்குதல் நன்று.