வாழ்க்கைத் திருப்பங்களும் காகிதத்தில் உள்ள பெயரும்

மும்பைத் தமிழர்களுக்குச் சேமிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாராவியில் தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் பாடுபட்டவர்கள் சீட்டுக் கட்டியே ஊரில் வீடு கட்டினார்கள். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் குடியேறிய அலுவலகக் குடும்பங்கள் பி.எஃப்., எல்.ஐ.சி., தபால் நிலையம் என்று போட்டுவைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். கல்யாணம், வேலை இழப்பு, ஓய்வு, மரணம் எல்லாம் வீட்டில் நடந்துவிடுகின்றன. பணத்தின் காகிதங்களில் மட்டும் பழைய நிலைமையே நிற்கிறது. சிரமம் அங்கேதான் ஆரம்பம்.

கல்யாணம்

வேலைக்குச் சேரும்போது பையன் பி.எஃப். படிவத்தில் அண்ணன் பெயரைப் போட்டிருப்பான். பி.எஃப். விதிப்படி, கல்யாணமாகிக் குடும்பம் வந்ததும் அந்த நியமனம் செல்லாது. குடும்பத்தில் உள்ளவர் பெயரில் புதிதாகக் கொடுக்க வேண்டும். கல்யாணச் செலவுக் கணக்கைத் தீர்க்கிற அந்த மாதத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். மனைவிக்கு இவ்வளவு, அம்மாவுக்கு இவ்வளவு என்று பங்கும் குறிப்பிடலாம்.

கடன் வாங்கித் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி, மனைவி மக்களுக்காக ஆயுள் பாலிசி எடுத்தால், அந்தத் தொகையைக் கடன்காரர்கள் சாதாரணமாகத் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வேலை போனால்

1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இருந்தார்கள். அது முடிந்தது என்று முறைப்படி யாரும் அறிவிக்கவே இல்லை. பெரும்பாலோர் மில்லுக்குத் திரும்பவும் இல்லை. 2020 ஊரடங்கு அதே பாடத்தைப் புதிய தலைமுறைக்குச் சொன்னது. ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக, வீட்டம்மா கையெழுத்திலும் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். சீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டு வேறு; பக்கத்து வீட்டு அக்கா நோட்டில் எழுதி நடத்தும் சீட்டு வேறு. பின்னதில் நம்பிக்கைதான் பத்திரம்.

ஓய்வு

ஓய்வுத் தொகை வந்ததும், தெரிந்த கூட்டுறவு வங்கி அரை சதவீதம் கூடுதலாகத் தருகிறது என்று மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடுகிறவர்கள் உண்டு. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. வங்கியை ரிசர்வ் வங்கி முடக்கியபோது, முதலில் ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்க அனுமதி. வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரியில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து அவ்வளவுதான். ஆகவே பிரித்துப் போடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் 30 லட்சம் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்.

மரணம்

"நாமினி எம்பேர்லதான் சார் இருக்கு, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நாமினி பெரும்பாலும் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர்தான். 1983இல் எல்.ஐ.சி. பாலிசி வழக்கிலும், 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. மகாராஷ்டிர ஹவுசிங் சொசைட்டிகளில் 2019 சட்டத் திருத்தப்படி நாமினி தற்காலிக உறுப்பினர்தான். வாரிசு முடிவானதும் வீடு வாரிசுக்கு.

அந்த வாரிசு யார்? இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் மட்டுமல்ல, அவருடைய தாயாருக்கும் சமபங்கு உண்டு. மனைவி, இரண்டு பிள்ளைகள், திருநெல்வேலியில் அம்மா என்றால் செம்பூர் ஃப்ளாட்டில் அம்மாவுக்குக் கால் பங்கு. அவரும் உயில் இல்லாமல் காலமானால் அந்தக் கால் பங்கில் மற்ற பிள்ளைகளும் வந்து சேருவார்கள். யாரும் கெட்டவர்கள் அல்ல. ஆனாலும் ஃப்ளாட்டை விற்க ஆறு கையெழுத்து தேவைப்படும். கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியர்களுக்குத் தனிச் சட்டம். வாரிசுகள் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

நமக்கு இரட்டைச் சிக்கல் வேறு. ஊரில் வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் தருகிறார். இங்கே 1827ஆம் ஆண்டு பம்பாய் ஒழுங்குமுறைப்படி நீதிமன்றம் போக வேண்டும். ஊர் ரேஷன் கார்டில் இனிஷியலோடு ஒற்றைப் பெயர். மும்பைக் காகிதத்தில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று, அவர் போன பிறகு நிரூபிப்பது எளிதல்ல. அவர் இருக்கும்போதே ஆதார், பான், வங்கி, பட்டா எல்லாவற்றிலும் பெயரை ஒன்றாக்கிவிடலாம். தாராவியில் இது இன்னும் முக்கியம். குடிசை மறுவாழ்வு விதிப்படி வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். இறந்தவர் பெயரிலேயே நிற்கும் பழைய காகிதத்தோடு தகுதிப் பட்டியலில் இடம்பிடிப்பது கஷ்டம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். "அவர் நல்லா இருக்கும்போது இதைப் பேசலாமா?" என்ற தயக்கம்தான் தடை. நன்றாக இருக்கும்போது மட்டும்தான் பேச முடியும்.

பத்து வருஷம் யாரும் கேட்காத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட கணக்குகளைத் தேட 2023 முதல் 'உத்கம்' என்ற இணையதளம் இருக்கிறது. காலமான பெற்றோர் பெயரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கணக்குகளைப் பிள்ளைகள் அப்படித் தேட வேண்டாம். கணக்கு எண், பாலிசி எண், நாமினி பெயர், தந்த கடன், வாங்கிய கடன், உயில் இருக்குமிடம் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். வருஷாவருஷம் சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் பார்த்த கையோடு, கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டையும் ஒரு தடவை பாருங்கள்.