இயன்மருத்துவரிடம் போகும்போது

செல் பட்ட கால், சரியாகப் பொருந்தாத எலும்பு, நிமிராத முழங்கை என்று பழைய காயங்களோடு ஊர் திரும்பியிருப்பவர்கள் பலர். "காயந்தான் ஆறிவிட்டதே" என்று இருந்துவிடாதீர்கள். காயம் ஆறிய பிறகுதான் இயன்மருத்துவருக்கு வேலை அதிகம்.

அவர் ஊசி போடுபவரோ சத்திரசிகிச்சை செய்பவரோ அல்லர். தசையும் மூட்டும் நரம்பும் எப்படி இயங்குகின்றன என்று படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இது நான்கு வருடப் பட்டப்படிப்பு. அரச ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை இலவசம்.

முதல் நாளில் நிறையக் கேள்விகள் கேட்பார். கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறீர்களா, மலசலகூடத்தில் குந்த முடிகிறதா, வயலில் இறங்க வேண்டுமா? நீங்கள் செய்ய வேண்டிய வேலையை வைத்தே பயிற்சியைத் தீர்மானிப்பார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதி, அடுத்த முறை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

உடம்புக்குள் செல் துண்டோ, சன்னமோ, எலும்புக்கு வைத்த தகடோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இதைச் சொல்லப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பயம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் மின்சாரத்தால் சூடேற்றும் சில சிகிச்சைகளில் அந்த உலோகம் சூடாகி உள்தசையைச் சுட்டுவிடும். எப்படிப் பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிட்டால் பிறகு செயற்கைக் கால் பொருத்துவது கஷ்டம். காலை நீட்டிப் படுங்கள். தினமும் சிறிது நேரம் குப்புறவும் படுங்கள். மீதிக் காலுக்குச் சுற்றும் பண்டேஜ் நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மாறிச் சுற்றினால் நுனி வீங்கும். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாசத்தில் எல்லா வேலையையும் நீங்களே செய்து கொடுத்து, அவரைக் கதிரையிலேயே இருத்திவிடாதீர்கள். அசையாத மூட்டு இறுகும். பயிற்சியின்போது கொஞ்சம் இழுத்து நோவது வழமை. மூட்டு வீங்கினாலோ அடுத்த நாளும் நோ தணியாவிட்டாலோ நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

பழைய கிளினிக் அட்டை, எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். இடம்பெயர்ந்தபோது தொலைந்திருந்தால், அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரிடம் காட்டி, புதிய துண்டு வாங்கிக்கொள்ளலாம்.