திருமயம் கல்வெட்டும் 49 பைட்டும்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளை 1929-இல் நூலாக அச்சிட்டபோது அரச மரபு வாரியாக அடுக்கியது. அச்சில் ஒரு கல்வெட்டுக்கு ஓர் இடம்தான். திருமயத்தில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இருந்த வழக்கு தீர்ந்த கதையைச் சொல்லும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை ஒருவர் பாண்டியர் என்று தேடுவார்; இன்னொருவர் திருமயம் என்று தேடுவார்.

லினக்ஸ் கணினியில் இருவருக்கும் வழி உண்டு. ‘கல்வெட்டு’ என்ற கோப்புறைக்குள் ‘பாண்டியர்’, ‘திருமயம்’ என இரண்டு கோப்புறைகள் இருக்கட்டும். அக்கல்வெட்டின் படத்தைப் ‘பாண்டியர்’ கோப்புறையில் ‘வழக்கு’ என்ற பெயரில் வைத்துவிட்டு, ‘திருமயம்’ கோப்புறையில் அதற்கு சிம்லிங்க் என்ற இணைப்பைப் போட்டால் போதும். 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் மூலம் பரவிய ஏற்பாடு இது.

அந்த இணைப்புக்குள் படத்தின் ஒரு துளிகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு பாதை மட்டுமே:

../பாண்டியர்/வழக்கு

இரண்டு புள்ளிகள் ‘ஒரு படி மேலே போ’ என்கின்றன. விவரப் பட்டியலில் பார்த்தால் இணைப்பின் அளவு 49 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; ‘ர்’ என்பதில் எழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 6. ‘பாண்டியர்’ 27, ‘வழக்கு’ 18. புள்ளிகளும் சாய்கோடுகளும் சேர்ந்து 4.

எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்றொரு பதிவு உண்டு. பாதை 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பதிவிலேயே உட்கார்ந்துகொள்ளும். இதையே ‘/கல்வெட்டு/பாண்டியர்/வழக்கு’ என்று முழுப் பாதையாக எழுதினால் 75 பைட். வட்டில் தனியாக ஒரு பிளாக் வேண்டும், வழக்கமாக 4,096 பைட்.

அளவைவிட முக்கியம் பாதையின் தொடக்கம். ‘../’ என்று தொடங்கும் இதுபோன்ற சார்புப் பாதையை லினக்ஸ், இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்தே எண்ணும். நாம் எங்கே நின்று கட்டளை கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் ‘கல்வெட்டு’ கோப்புறையை அப்படியே வேறொரு லினக்ஸ் வட்டுக்கு மாற்றினாலும் இணைப்பு வேலை செய்யும். முழுப் பாதை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், ஊர் பெயர்ந்த பிறகும் நிற்கும் கைகாட்டிபோல. இணைப்பின் பெயர் பட்டியலில் தெரியும். திறந்தால் ‘கோப்பு இல்லை’ என்று வரும்.

கல்வெட்டுப் படங்களைச் சேர்ப்பவர்கள் மூலப்படத்தை ஒரே இடத்தில் வையுங்கள். ஊருக்கும் மரபுக்கும் நூற்றாண்டுக்கும் சார்புப் பாதையில் இணைப்புப் போடுங்கள். தேடி வருபவர் எந்தப் பெயரோடு வந்தாலும் அந்தக் கல்வெட்டு கிடைக்கும்.