தசைக்குள் முளைக்கும் எலும்பு: அடிபட்ட கைமுட்டியை ஏன் உழியக் கூடாது?

பலாமரத்திலிருந்தோ பள்ளிக்கூடத்து மதிலிலிருந்தோ விழும் பிள்ளை பெரும்பாலும் கையை நீட்டி ஊன்றித்தான் விழுகிறது. அடியின் வேகம் முழுவதும் முழங்கைக்கு, அதாவது கைமுட்டிக்கு, ஏறுகிறது. குழந்தைகளுக்கு ஏற்படும் முழங்கை முறிவுகளில் மிகுதியானது, மூட்டுக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு ஒடிவது. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இதை அதிகம் காணலாம். கட்டுப் போட்டுச் சில வாரம் கழித்து அவிழ்க்கும்போது கை விறைத்து நிற்கும்; முழுதாக மடங்காது, முழுதாக நீளாது. கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் அப்போது எழும் முதல் பேச்சு, “ஆசான்கிட்ட கொண்டு போயி நல்லா உழிஞ்சு விட்டா சரியாயிரும்” என்பதுதான். ஆசான் என்றால் எலும்பு கட்டும் வர்ம வைத்தியர்; உழிவது என்றால் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது.

அந்த ஒரு முடிவில்தான் பல பிள்ளைகளின் கை கெட்டுப்போகிறது. காயம் ஆறாத முழங்கையை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், வேறொருவர் பிடித்து வலுவாக மடக்கி நீட்டுவதும் தசைக்குள் எலும்பு முளைக்கக் காரணமாகலாம். மருத்துவர்கள் இதை மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். அடிபட்ட மூட்டை மசாஜ் செய்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று இந்திய எலும்பியல் பாடநூல்களே எச்சரிக்கின்றன.

முழங்கையின் முன்புறத்தில் எலும்பை ஒட்டியே பிரேக்கியாலிஸ் என்ற தசை கிடக்கிறது. மூட்டு பிசகும்போதோ எலும்பு ஒடியும்போதோ அந்தத் தசையும் கிழிந்து உள்ளே ரத்தம் கட்டுகிறது. சும்மா விட்டால் பெரும்பாலும் அது கரைந்துவிடும். ஆனால் நாள்தோறும் கிழிசல் மேல் கிழிசலாக விழுந்தால், காயத்தை ஆற்ற வந்த இளம் செல்களில் ஒரு பகுதி தடம் மாறி எலும்புச் செல்களாகிவிடுகின்றன. முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வாரம் ஆகும்போது மங்கலான வெண்மை தெரியத் தொடங்கும். பிறகு மாதக்கணக்கில் அது முற்றி உண்மையான எலும்பாகவே ஆகிவிடும். மூட்டின் குறுக்கே அது பாலம்போல் நின்றால், சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகக்கூடக் கை மடங்காது.

1958-இல் அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர் லாரன் ஆக்கர்மன் தசைக்குள் வளரும் இந்த எலும்புக் கட்டியின் அமைப்பை விளக்கினார். தேங்காயைப் போல வெளியே ஓடு கெட்டியாகவும் உள்ளே வழுக்கை இளசாகவும் இருக்கும். நடுவிலுள்ள இளம் பகுதியை மட்டும் கிள்ளியெடுத்துப் பரிசோதித்தால் எலும்புப் புற்றுநோய் என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. அதனால்தான், அண்மையில் அடிபட்ட இடத்தில் கட்டி தோன்றினால், எப்போது அடிபட்டது, அதன்பின் என்னென்ன செய்தீர்கள் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார். உழிச்சலுக்குப் போனதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

தசை எப்படி எலும்பாகும் என்ற கேள்விக்கு விடை தந்த ஆய்வுகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1965-இல் கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச் சத்து நீக்கிய எலும்புத் துண்டை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். அங்கே புதிய எலும்பு உருவானது. எலும்பை வளரச் செய்யும் புரதங்களின் கதை அங்கே தொடங்கியது. மற்றது நம் பிரச்சினைக்கு நேராகவே பொருந்துவது. 1980-இல் மிக்கேல்சனும் அவரது குழுவினரும் முயல்களின் காலை அசையாமல் கட்டிவைத்து, இடையிடையே அவிழ்த்து முழங்காலை வலுவாக மடக்கி நீட்டினார்கள். சில வாரங்களில் தொடைத் தசையில் எலும்பு உருவானது. கட்டிவைத்த மூட்டை அவிழ்த்ததும் பிடித்து வளைப்பது, அந்த ஆய்வில் செய்ததும் அதுதான், நம் ஊரில் பல இடங்களில் நடப்பதும் அதுதான்.

இதைச் சொல்வதால் ஆசான்களை இழிவாகப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். வர்மமும் அடிமுறையும் இந்த மண்ணில் வேரோடியவை. 1838-இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்குவதற்கு முன்பே ஒடிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டியவர்கள் ஆசான்கள்தான். ஒடிந்ததை அசையாமல் வைக்க வேண்டும் என்ற அடிப்படையில் ஆசானுக்கும் அலோபதி மருத்துவருக்கும் வேறுபாடே இல்லை. கேடு வருவது இரண்டு இடங்களில். ஒன்று, கட்டு அளவுக்கு மீறி இறுகுவது. விரல்கள் குளிர்ந்து, நீலம் பாய்ந்து, மரத்துப்போய், விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி வந்தால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். சில மணி நேரம் தாமதித்தாலும் முன்கைத் தசை செத்துக் கை நிரந்தரமாகச் சுருண்டுவிடும். மற்றது, கட்டு அவிழ்த்தபின் நடக்கும் இந்த வல்லுழிச்சல். பொறுப்புள்ள ஆசான் இரண்டையும் தவிர்க்க முடியும், தவிர்த்தாக வேண்டும்.

உழிச்சல் இல்லாமலும் இது வருவதுண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், தலைக்காயத்தால் நாள்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவர்கள், பெரிய தீக்காயம் பட்டவர்கள் ஆகியோருக்கும் மூட்டுகளைச் சுற்றி இப்படி எலும்பு வளரலாம். ஆனால் ஸ்கேன் அறிக்கையில் கழுத்திலும் முழங்காலிலும் “எலும்பு வளர்ச்சி” என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வேறு. அது மூட்டுத் தேய்மானத்தோடு ஓரங்களில் வரும் முள். குதிகால் முள்ளும் பலருக்கு வலியே இல்லாமல் இருக்கும். அவற்றை எண்ணிப் பதற வேண்டாம்.

பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் ஒரு பிறவி நோய் மட்டும் இங்கே தவறாமல் சொல்லப்பட வேண்டியது. ஃபைப்ரோடிஸ்ப்ளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா என்ற அந்நோயில் தசையும் தசைநாரும் படிப்படியாக எலும்பாகி உடலையே பூட்டிவிடும். 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஐலீன் ஷோர், ஃபிரெடரிக் கப்லான் குழு, ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதே காரணம் என்று கண்டுபிடித்தது. யூரிஸ்ட் தேடிய எலும்புப் புரதங்களின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியை உருவாக்கும் மரபணு அது. 2023-இல் அமெரிக்கா பலோவரோட்டின் என்ற மருந்துக்கு அனுமதி அளித்தது. ஆனால் அது குழந்தைகளின் வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடக்கூடும் என்பதால் மிகச் சிறு பிள்ளைகளுக்குத் தருவதில்லை. இந்நோய் உள்ள பிள்ளைக்கு உழிச்சல் மட்டுமல்ல, தசையில் போடும் ஊசியும், கட்டியைக் கிள்ளியெடுக்கும் பரிசோதனையும்கூடப் புதிய எலும்பைத் தூண்டும். அதற்கான அடையாளமோ பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரியும்: இரு கால்களின் பெருவிரலும் குட்டையாக, உள்நோக்கி வளைந்திருக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டிமாரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் பார்க்கக்கூடிய அடையாளம் இது. அப்படியிருந்து கழுத்திலோ முதுகிலோ திடீர் வீக்கம் வந்தால், யாரும் அதைத் தொடும் முன் மருத்துவரிடம் பெருவிரல் அடையாளத்தைச் சொல்லுங்கள்.

கைமுட்டியில் எலும்பு வளர்ந்துவிட்டால் சிகிச்சை உண்டு, ஆனால் மெதுவானது. முதலில் ஓய்வு. பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குப் பிள்ளை தானாகவே கையை அசைப்பது. பிறர் இழுத்து அசைப்பதல்ல. எலும்பு முற்றியபின் அசைவைத் தடுத்தால் மட்டும் அறுவை சிகிச்சை. முற்றாத நிலையில் வெட்டினால் திரும்பவும் வளரக்கூடும்.

ஆகவே முழங்கையில் அடிபட்ட பிள்ளையை முதலில் எக்ஸ்ரே உள்ள இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டு அவிழ்த்தபின் கை முன்னைவிட அதிகமாக இறுகினாலோ, மூட்டருகே சூடான வீக்கம் கெட்டிப்பட்டாலோ, முதல் படம் நன்றாக இருந்ததே என்று விட்டுவிடாமல் மறுபடியும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வெறும் விறைப்பு என்றால் பெரும்பாலும் பல மாதங்களில் தானாகவே தளரும். அதுவரை அந்தக் கையில் யாரும் எண்ணெய் போட்டு உழிய விடாதீர்கள்.