மரபணுவைத் திருத்துவோரைக் கண்காணிப்பது யார்?

சித்தன்னவாசல் குன்றின் அடிவாரத்தில் கல்லூரி மாணவர்களுடன் நாங்கள் நடத்திய கலந்துரையாடலில் ஒரு கேள்வி எழுந்தது: மனித மரபணுவைத் திருத்தும் ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில், பாதிக்கப்பட்ட தலித் மக்களிடமே மரபணுச் சோதனைக்கு இரத்தம் கேட்கப்பட்டதை அறிந்தவர்கள் அம்மாணவர்கள். ஆகவே அக்கேள்வியை நாம் எளிதாகக் கடந்துவிட இயலாது.

மரபணுத் திருத்தம் இருவகைப்படும். நோயாளியின் உடல் செல்களில் செய்யப்படும் திருத்தம் அவரோடு முடிந்துவிடும். கருவில் செய்யப்படும் திருத்தமோ தலைமுறைகளுக்கும் தொடரும். 2018இல் சீன அறிவியலாளர் ஹே சியான்குய், கருவில் திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். மறு ஆண்டே சிறைத்தண்டனை பெற்றார். இந்தியாவில் இதனை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. ஆனால் அவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மீறுவோரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவும் அவற்றில் இல்லை.

முதல் வகை ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. அந்நோய்க்காக அரசு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை 2025 நவம்பரில் அறிமுகமானது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக அதற்குப் 'பிர்சா 101' என்று பெயர் சூட்டியுள்ளனர். இச்சிகிச்சையை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெயரில் கிடைத்த இடம், முடிவெடுக்கும் அவையில் கிடைத்ததா?

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019இன்படி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள். அவர்களுள் ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், ஒரு பொதுமனிதர் இருக்க வேண்டும். பாதிப்பேராவது அந்நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். தலித் அல்லது பழங்குடி உறுப்பினர் இருந்தாக வேண்டும் என்று விதி கூறவில்லை.

இதன் விலை என்ன? அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் பலருக்கு 2009இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகச் செலுத்தப்பட்டது. ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

பிரதிநிதித்துவத்தை விதியிலேயே எழுத முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 17ஆம் விதி, மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினரான அலுவல்சாரா உறுப்பினர்களுக்கு இடமளிக்கிறது. மரபணு ஆராய்ச்சிக்கும் தண்டனைப் பிரிவுகளோடு கூடிய தனிச்சட்டம் வேண்டும். அதன் கண்காணிப்பு அவையில் நம் மக்களுக்கு வாக்குரிமையோடு இருக்கை வேண்டும்.

முதற்படியை மாணவர்கள் இன்றே எடுத்து வைக்கலாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் யார் யார் உள்ளனர் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள்.