கவுன் போட்ட இளவரசர்

1659-இல் வெலாஸ்குவெஸ் தீட்டிய ஓவியம் ஒன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீண்ட கவுன் அணிந்து நிற்கும் அந்தக் குழந்தையை எவரும் சிறுமி என்றே சொல்வார்கள். ஆனால் அது ஸ்பெயின் நாட்டு இளவரசர் ஃபெலிப்பே பிராஸ்பெரோ. வயது இரண்டு.

அன்றைய ஐரோப்பாவில் ஆணோ பெண்ணோ, குழந்தை என்றால் கவுன்தான். பொத்தானும் நாடாவுமாக இருந்த கால்சட்டையை அவிழ்ப்பதற்குள் பிள்ளை நனைத்துவிடுமே!

நான்கிலிருந்து ஏழு வயதுக்குள் ஒருநாள் பையனுக்கு முதல் கால்சட்டை மாட்டுவார்கள். இங்கிலாந்தில் அது உறவினர் கூடும் வீட்டு விசேஷம். அரண்மனைகளில் இன்னும் கறார். பிரான்சின் பதின்மூன்றாம் லூயி, ஏழு வயதானதும் தாதிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு ஆண்களின் பொறுப்பில் விடப்பட்டார். குழந்தைப் பருவம் அதோடு சரி! பாவம், ஏழு வயதில்.

இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இல்லை என்று வரலாற்றாளர் பிலிப் ஆரியெஸ் 1960-இல் எழுதினார். பின்வந்தவர்கள் பலர் அதை மறுத்தார்கள், மறுத்தது நியாயம்தான். பருவம் இருந்தது, அதன் எல்லைக்கோடு வேறு.

கவுன் வழக்கமோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884-இல் எடுத்த படத்தில் கவுனும் நீண்ட கூந்தலுமாகத்தான் அமர்ந்திருக்கிறார்.